பட்டி பார்த்த சம்மட்டி

இரும்புச் சம்மட்டி வாய் திறக்காது. யார்மேல் விழுந்தது, எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பதெல்லாம் துடைத்து வைத்தவுடன் அதற்கு மறந்துபோகும். ஃபோமில் செய்த சம்மட்டி அப்படியல்ல. கொடுத்த அடியை எல்லாம் தன் மேனியில் குறித்துக்கொண்டுதான் திரும்பி வரும். அந்தக் குறிப்பை வாசிக்கத் தெரிந்தவள் அந்தப் படப்பிடிப்பு வளாகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். தேய்க்கிற தாள் எந்நேரமும் அவள் விரலிடுக்கில் இருந்தது பாதிக் காரணம். அவள் நாக்கு மீதிக் காரணம். வளாகத்தின் பின்கோடியில், தகரக் கூரை போட்ட பட்டறையில், வாள், கேடயம், கவசம், வெட்டுப்பட்ட கை எனப் படத்துக்கு வேண்டிய போலிகளை எல்லாம் அவள் செய்தாள்.

இந்தப் படத்தில் நாயகனின் ஆயுதம் சம்மட்டி. அசல் ஒன்று இருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து வந்தது. தலையின் ஒரு மூலை சிதைந்து, கன்னத்தில் துரு தின்ற குழிகளோடு, தூக்கினால் தோளைக் கேட்கும் கனத்தில் இருந்தது. நாயகன் அதைத் தோளில் சாய்த்து வசனம் பேசுவான். அடிக்க வேண்டிய காட்சிகளுக்கு அவள் செய்த நகல்கள் போகும். ஃபோம் பலகையைக் கட்டர் பிளேடால் அறுத்து, பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, உள்ளே கூடாக இருக்கும்படி பெட்டிபோல் ஒட்டுவாள். பிறகு மூலைகளைக் கிரைண்டரில் உருட்டி, ஹீட் கன்னால் அனல் காட்டுவாள். அனல் பட்டதும் ஃபோமின் நுண்துளைகள் வாயை மூடிக்கொள்ளும். பரப்பு தோலாக மாறும். இணைப்புக் கோடு மறையப் பட்டி மாவு வைத்து, ஈர விரலால் இழுத்து, காய்ந்தபின் தேய்த்து, ரப்பர் பூச்சு அடிப்பாள். சம்மட்டி குழந்தையின் கன்னம்போல் வழவழப்பான பிறகே அசலின் குழிகளையும் சிதைவுகளையும் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றுவாள். ஒழுங்கில்லாத பரப்பில் வைத்த காயம் காயமாகத் தெரியாது, கவனக்குறைவாகத் தெரியும் என்பது அவள் கட்சி.

சண்டையில் உண்மையாக ஓங்கி அடித்தால் ஃபோமில் பள்ளம் விழும். நடிப்பு அடியில் விழாது. உடம்பைத் தொடுகிற இடத்தில் வேகத்தை விழுங்கிக்கொள்வதுதான் அந்தத் தொழிலின் வித்தை. விழுந்த பள்ளத்தையும் அனல் காட்டினால் நிமிர்த்திவிடலாம். அவள் தினமும் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

அன்று திரும்பி வந்த சம்மட்டியை மடியில் கிடத்தி, விளக்கைத் தாழ்த்தி, சாய்வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகப்பில் ஆழமான பள்ளம். அதற்குள் வட்டவட்டமாக ஒரு வரிசை. சட்டைப் பொத்தான்களின் தடம். வில்லனின் ஆட்களில் பித்தளைப் பொத்தான் வைத்த உடுப்பு ஒருவனுக்குத்தான் தைத்திருந்தார்கள். வில்லனின் வலது கையாக வருகிறவனுக்கு. அவன் அவளுடைய கணவன். சம்மட்டியை வீசியவன் நாயகனின் டூப். அவள் உடன்பிறந்த தம்பி.

நேற்றும் பொத்தான். முந்தாநாளும் பொத்தான். மற்ற ஆட்களின் தோல்கச்சையோ வார்ப்பூட்டோ ஒருமுறைகூடப் பதியவில்லை.

அவள் ஹீட் கன்னை எடுத்துப் பொத்தான்களை அழித்தாள்.

*

கணவனை எல்லாரும் பிணம் என்றுதான் கூப்பிட்டார்கள். படத்துக்குப் படம் முதல் சண்டையிலேயே சாகிறவன். விழுந்து கிடக்கையில் ஈ மொய்த்தாலும் இமை ஆடாது. இந்தப் படத்தில்தான் அவனுக்குக் கடைசிவரை ஆயுள் கொடுத்திருந்தார்கள். தம்பிக்கு நிழல் என்று பெயர். நாயகனின் முதுகுக்கும் அவன் முதுகுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நாயகனின் மனைவிக்கே கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று சண்டைப் பயிற்சி மாஸ்டர் சொல்வார்.

மறுநாள் சம்மட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள், வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிப் போகாமல் நின்றாள்.

"என்ன பிணம், இன்னும் சாகலையா?" என்றார் மாஸ்டர்.

"நீங்க எங்க மாஸ்டர் சாக விடறீங்க."

கேமரா ஓடியது. கணவன் கத்தியோடு பாய, தம்பி ஒதுங்கி, இடுப்பைத் திருப்பி, சம்மட்டியை அவன் விலாவில் இறக்கினான். தொட்டவுடன் நிற்க வேண்டிய சம்மட்டி நிற்கவில்லை. அவன் உடம்பையும் சேர்த்து ஒரு முழம் தள்ளிக்கொண்டு போனது. கணவன் முழங்காலில் விழுந்து, காற்றைத் தேடி வாயைத் திறந்து மூடினான். எழுவதற்குள் அடுத்த அடி தோள்பட்டையில். மூன்றாவது, ஒத்திகையில் இல்லாதது, தாடையில்.

"கட். பிரமாதம்" என்றார் மாஸ்டர்.

கணவன் தரையில் கையூன்றியபடி, "மாஸ்டர், கொஞ்சம் பாத்து அடிக்கச் சொல்லுங்க" என்றான்.

"எதை? இதையா?" மாஸ்டர் சம்மட்டியை வாங்கித் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். "ஃபோமுடா. இதை என் பேத்திக்குக் கொடுத்தா தலைக்கு வெச்சுத் தூங்குவா."

"பிணத்துக்குத் தலகாணி வலிக்குதாம்பா" என்றான் ஒருவன். "பாத்துடா, அடுத்தது பஞ்சு மிட்டாய் கட்டையா இருக்கப் போவுது" என்றான் இன்னொருவன். சண்டைக்காரர் கூட்டம் முழுதும் சிரித்தது.

"வலிச்சா சொல்லுங்க மாமா" என்றான் தம்பி, மரியாதை சொட்டுகிற குரலில். "நிறுத்திடறேன்."

ஒப்பனைக்காரப் பெண் கணவனின் உதட்டு ரத்தத்தைத் துடைக்கப் போனாள். "அதை விடும்மா, இயற்கையா இருக்கு. இன்னொரு டேக் போலாம்" என்றார் மாஸ்டர்.

இன்னொரு டேக் போனார்கள். அது முதலாவதைவிட இயற்கையாக இருந்தது.

மதியம் அவள் தம்பியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.

"அடிக்காதேடா அவரை."

"யாருக்கா அடிச்சா? நடிக்கிறேன்."

"பள்ளத்தை நிமுத்தறவ நான். என்கிட்டயே நடிக்காதே."

அவன் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டான். "அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தேனே. கதவு பாதி தொறந்திருந்துது. உன் தலைமுடியைக் கொத்தாப் புடிச்சு உன்னைச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போனாரே, அதுவும் நடிப்பா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டது போதும். நீ பாக்கறே, நான் பண்றேன்."

தான் பண்ணுவதன் கணக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. பகலில் வாங்கியதைக் கணவன் வீட்டில் திருப்பிக் கொடுத்தான், இடம் தவறாமல். தனக்கு விலாவில் விழுந்தால் அவளுக்கும் விலா. தனக்குத் தோளென்றால் அவளுக்கும் தோள். பொய்யாக அடிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, நிஜ அடி எங்கே விழுந்தால் துணி மறைக்கும் என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அக்காளுக்காகத் தம்பி ஓங்கிய ஒவ்வோர் அடியும் ஒரு சுற்றுச் சுற்றி அக்காளிடமே வந்து சேர்ந்தது. இடையில் அதன் தடத்தை அழித்துக் கொடுக்கிறவளும் அவளே.

இதைத் தம்பியிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவன் நிறுத்த மாட்டான், முடித்துவிடுவான். அதனால் சொல்லவில்லை.

*

விடுமுறை நாளொன்றில், இறுதிச் சண்டைக்கான சம்மட்டியை அவள் வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்து மேசையில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். கணவன் குளித்துவிட்டு, சட்டையில்லாமல் வந்து நின்றான். அவன் விலா நெடுக நாவல் நிறம் ஏறியிருந்தது.

"இதான் பள்ளத்தை எல்லாம் நிமுத்துதா?" என்று ஹீட் கன்னைக் கையில் எடுத்தான்.

"வைங்க அதை. சூடா இருக்கு."

"என் விலாவுல உன் தம்பி பண்ணின பள்ளம் இருக்கே, அதை நிமுத்து பாப்போம்."

அவள் பசை டப்பாவை மூடினாள். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒரே பலன் என்கிற நிலைக்கு அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"சரி. உன்னை நிமுத்தறேன்."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினான். சண்டைக்காரனின் பிடி; இழுத்தால் இறுகும். குழாய்முனையை அவள் முன்கையின் உட்புறத்துக்கு நேரே பிடித்து விசையை அழுத்தினான். அவள் சத்தம் போடாமலிருக்கத் தன் தோளைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிற நேரம். தோல் ஃபோமைப்போல் வாயை மூடிக்கொள்ளவில்லை. வெளுத்தது, சுருங்கியது, பிறகு திறந்துகொண்டது. கருகிய வாடை எழுந்ததும், அந்த வாடையைச் சகிக்காதவன்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவன் விட்டான்.

"வேலை செய்யறப்ப கவனம் வேணும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடிப் போனான்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்குப் போனாள். வேலையில் கை தவறிவிட்டது என்றாள். எல்லாரும் நம்பினார்கள். "பாத்துப் பண்ணக் கூடாதாக்கா" என்று ஒப்பனைக்காரப் பெண் களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

தம்பி கதவோரம் நின்று கைக்கட்டையே பார்த்தான்.

"ஹீட் கன்னா?"

"ஆமா. கை தவறிடுச்சு."

"உனக்கா?"

"ஏன், எனக்குத் தவறாதா?"

"சின்ன வயசுல நோட்டுக்கு அட்டை போட்டா மூலை நேரா வரலைன்னு பிரிச்சுப் பிரிச்சுப் போடுவே. சாப்பிட்ட தட்டை வரிசை மாத்தி அடுக்கினா எழுந்து வந்து சரி பண்ணுவே. இத்தனை வருஷத்துல உன் கையில ஒரு பிளேடு கீறல் பாத்ததில்ல." அவன் குரல் உயரவில்லை. "உனக்குக் கை தவறுமா?"

அவள் உப்புத்தாளை மடித்தாள். நேர்த்தி ஒரு மனுஷியைப் பொய்கூடச் சொல்லவிடாது என்பதை அவள் அதுவரை யோசித்ததில்லை.

"மாமா எப்ப சாகறாரு?" என்று கேட்டான் தம்பி.

"என்னது?"

"படத்துல. அந்தக் கடைசி ஷாட் எப்பன்னு கேட்டேன்."

"நாளன்னிக்குன்னு சொன்னாங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள், சண்டைக்காரர்களின் கொட்டகையில் ஒரே புகார். உடற்பயிற்சிக்குத் தூக்கும் தம்புள்ஸின் ஒரு பக்கத்து இரும்பு வட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். தூக்குகிறவன் எல்லாம் ஒரு பக்கம் சாய்கிறான். "எவன்டா ஒத்தை வட்டைத் திருடறவன், திருடறதுன்னா ஜோடியாத் திருட மாட்டானா?" என்று ஒருவன் அலுத்துக்கொண்டது பட்டறைவரை கேட்டது. அவளும் சிரித்தாள்.

*

சாவுக் காட்சி மாலை வெயிலில் எடுப்பதாக இருந்தது. காலையில் அவள் பட்டறையைத் திறந்து, இறுதிச் சண்டைச் சம்மட்டியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

எடுத்த கணமே கை அறிந்தது. ஆனால் அதற்குள் கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. சம்மட்டியின் கன்னத்தில் ஓர் இணைப்பு, அவள் போட்டதல்ல. யாரோ கோணலாக அறுத்திருந்தான். பசை காயுமுன்பே அவசரப்பட்டு ஒட்டியதில் உதடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. பசை வெளியே பிதுங்கி, தூசி படிந்து, மேலே அவசரமாக ஏதோ கறுப்புச் சாயம் தடவப்பட்டிருந்தது. எந்தக் கேமராவும் இதை மன்னிக்காது. அவளும் மன்னிக்கவில்லை.

பிதுங்கிய பசையைப் பிளேடால் சீவினாள். ஏறி நின்ற உதட்டைக் கிரைண்டரில் தணித்தாள். பட்டியை மெல்லிய பட்டையாக இழைத்து, விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். மின்விசிறிக்கு நேரே சாய்த்துக் காயவைத்தாள். சொரசொரப்புத் தாளால் ஒரு தரம், பிறகு நைசுத் தாளால், பிறகு தேய்ந்து தாளென்றே சொல்ல முடியாத பழைய துண்டால். காயம்பட்ட கை வலித்தது; பொருட்படுத்தவில்லை. பூச்சு அடித்தாள். துருக்குழிகள் இணைப்பின் குறுக்கே தொடர்ச்சியாகப் போகும்படி, நடுவில் வரி முறியாதபடி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். விளக்கைச் சாய்த்து இணைப்பைத் தேடினாள். இல்லை. அவள் கைவேலையிலேயே இத்தனை சுத்தமான இணைப்பு அதற்குமுன் அமைந்ததில்லை.

யாருக்காக இந்த நேர்த்தி என்ற கேள்வி, வேலை முடிந்த பிறகுதான் வந்தது.

சம்மட்டியைக் கையில் ஏந்தினாள். தலை கனத்தது. அசைத்தால் சத்தம் வராதபடி தம்பி துணி சுற்றி வைத்திருக்கிறான். அதில் மட்டும் கவனமாக இருந்திருக்கிறான். தலை நிறைய இரும்பு. மாலையில் நெற்றியோரம் ஒரே அடி. அவள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவினால் போதும்.

கணவன் செத்தால் வருத்தம் எந்த இடத்தில் தொடங்கும் என்று, இணைப்பைத் தேடியதைப்போலவே, உள்ளே தேடிப் பார்த்தாள். அதுவும் அகப்படவில்லை. ஆனால் தம்பி போலீஸ் வண்டியில் ஏறுவது கண்முன் வந்தது. பிளந்த சம்மட்டியை மேசைமேல் வைத்து, யார் இதை மூடியது என்று கேட்பார்கள். உள்ளே வைத்தவன் தம்பி, மூடியவள் அவள். அந்தக் கோணல் இணைப்போடு விட்டிருந்தால்கூட எவனாவது பார்த்திருப்பான். பார்க்க முடியாதபடி செய்தது அவள்.

அவள் புது பிளேடு மாட்டினாள். சற்றுமுன் மறைத்த இணைப்பை மீண்டும் கண்டுபிடிக்க விரல்நுனியால் இருமுறை தடவ வேண்டியிருந்தது. அறுத்தாள். பழைய பனியன் துணியில் சுற்றிய தம்புள்ஸ் வட்டு வெளியே வந்தது.

வட்டை எடுத்துவிட்டால், தூக்கியவுடன் தம்பி தெரிந்துகொள்வான். இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்கு வேறு வழி பார்ப்பான். மாடிப்படி, கயிறு, ஓடுகிற வண்டி, அந்தத் தொழிலில் ஆளைச் சாகடிக்க விபத்துகளுக்கா பஞ்சம். கொல்லாதே என்று சொன்னால் அவன் கேட்கப் போவதில்லை. கொன்று பார்த்துவிட்டால் ஒருவேளை கேட்பான்.

சம்மட்டியின் பிடி ஒரு பிளாஸ்டிக் குழாய். மேல்நுனி தலைக்குள் பாதியில் நின்றுவிடும். அவள் அடிமுனையைத் திறந்து, ஆணிகளையும் மணலையும் கலந்து கொட்டி, குலுங்காதபடி துணியடைத்து மூடினாள். வட்டை ஒரு கையிலும் மிச்ச ஆணிகளை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். தூக்கினால் அதே கனம்; ஆனால் கனம் கைப்பக்கம். தலை வெறும் கூடு.

பிறகு கன்னத்து இணைப்பை மறுபடியும் ஒட்டி, மறுபடியும் பட்டி பார்த்தாள். இந்த முறையும் குறை வைக்கவில்லை.

*

கணவனைக் கைகள் பின்னால் கட்டி மண்டியிட வைத்திருந்தார்கள். எதிரே தம்பி. நாயகன் நிழற்குடையின் கீழ் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரே அடி" என்றார் மாஸ்டர். "நெத்தியோரமா, முழு வேகத்துல விடு. பிணம், நீ கண்ணு தொறந்தபடி சாகணும். அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே. மூடிடாதே."

"நான் என்னிக்கு மாஸ்டர் மூடினேன்."

உப்புத்தாள் சம்மட்டியை நீட்டினாள். தம்பி வாங்கினான்; கனம் அவன் மணிக்கட்டில் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் அவளைப் பார்த்தான். அவள் தன் நகத்தில் ஒட்டியிருந்த பட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆக்‌ஷன்."

அவன் சம்மட்டியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனபோதே கனம் இடம்மாறி நின்றதை உணர்ந்திருக்க வேண்டும். யோசிக்க இடமில்லை. இத்தனை நாளும் வீசியதெல்லாம் ஒத்திகை என்பதுபோல், குதிகாலிலிருந்து திரட்டிக்கொண்டு வந்து இறக்கினான். கணவன் அந்த முகத்தைப் பார்த்தான். ஆயிரம் முறை பொய் அடி வாங்கியவனுக்கு மெய் எது என்று அடையாளம் தெரியும். கட்டிய கைகள் துடித்தன, பின்வாங்க நேரமில்லை.

மந்தமான ஒரு சத்தம். கணவனின் தலை ஒடிந்ததுபோல் சாய்ந்தது. அவன் பக்கவாட்டில் விழுந்தான், கண்கள் திறந்தபடி. காதுமடல் கிழிந்து ஒரு கோடு ரத்தம் மண்ணில் இறங்கியது.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"கட்" என்றார் மாஸ்டர். கைதட்டல் எழுந்தது. நாயகன்கூடப் பழச்சாற்றை வைத்துவிட்டுத் தட்டினான்.

கணவன் எழவில்லை. மாஸ்டர் எழுந்திரு என்று சொல்லும்வரை கிடப்பது அவன் வழக்கம். இன்று வழக்கத்துக்கும் மேலே ஒரு காரணம் இருந்தது.

தம்பியின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது. மண்டியிட்டு, கணவனின் தலையை இரண்டு கையாலும் பிடித்தான். "மாமா" என்றான். நெற்றியைத் தடவிக் கையைப் பார்த்தான். புறங்கையைப் பார்த்தான். திறந்திருந்த கண்களுக்குமேல் விரலை ஆட்டினான்; பிணம் இமைக்கவில்லை. "மாமா, மாமா" என்ற குரல் சின்னப் பையனின் குரலாக இருந்தது. அவன் கால்சட்டை நனைந்தது.

"டேய் நிழல், கட் சொல்லியாச்சுடா. இவ்ளோ நடிப்பு டூப்புக்கு ஆகாது" என்றார் மாஸ்டர். "பிணம், எழுந்திரு."

பிணம் இமைத்தது.

தம்பி எழுந்து செட்டின் பொய்ச் சுவர்வரை ஓடி, அதைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். "காலைல என்னத்தைத் தின்னான்" என்றான் யாரோ.

உப்புத்தாள் போய்ச் சம்மட்டியைப் பொறுக்கினாள். அவிழ்த்துவிட்ட கையை நீவியபடி உட்கார்ந்திருந்த கணவனின் பக்கத்தில் குனிந்து, தன் பையிலிருந்து வட்டைத் துணிச் சுற்றோடு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் துணியை விலக்கிப் பார்த்தான்.

"இது எங்க இருந்துது?"

"இதுக்குள்ள."

அவன் கை வட்டோடு கீழே இறங்கியது. "யாரு எடுத்தது?"

"நான்தான்."

"எப்ப?"

"பட்டி பார்த்து, தேய்ச்சு, பூச்சும் அடிச்சு முடிச்சதுக்கு அப்புறம்" என்றாள்.

அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் வேலைசெய்யும் வரிசை அவனுக்குத் தெரியும்: மூடி மெழுகிய பிறகுதான் எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறாள்.

"நாளைக்கு இதே அடி, கிட்டத்துல வெச்சு எடுக்கணும்" என்று மாஸ்டர் அறிவித்தார். "எல்லாரும் இதே உடுப்பு."

கணவன் எழுந்து நின்றான். "மாஸ்டர், எனக்கு முடியலை. வேற ஆளைப் போட்டுக்குங்க."

"நீ செத்தாச்சுடா. பாதிச் சாவுல ஆளை மாத்த முடியுமா? வந்து மீதியையும் செத்துட்டுப் போ."

*

பொழுது சாயும்போது தம்பி பட்டறைக்கு வந்தான். முகம் மட்டும் கழுவியிருந்தான்.

"கொன்னுட்டேன்னு நெனச்சேன்கா."

"கொன்னுட்டே" என்றாள் அவள். "முடிஞ்சுது. இனிமே ஒரு ஆளை ரெண்டு தரம் கொல்ல வேண்டாம். போய்க் கால்சட்டையை மாத்து."

அவன் மூக்கை உறிஞ்சினான். "இணைப்பு தெரியவே இல்லையேக்கா."

"உன்னுது தெரிஞ்சுது. பசை காயறதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு? அடுத்த தடவை..." என்று தொடங்கியவள், "அடுத்த தடவை கிடையாது" என்று திருத்திக்கொண்டாள்.

அவன் போன பிறகு கணவன் வந்தான். எப்போதும் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவன், வாசற்படியில் நின்றான். காதில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நாளைக்கும் நீதான் இதைச் சரி பண்ணுவியா?"

"வேற யாரு இருக்கா?"

"உள்ள..." என்று நிறுத்தினான்.

"உள்ள என்ன இருக்கணும்னு நான் இன்னும் முடிவு பண்ணலை."

அவன் பார்வை அவள் கைக்கட்டுக்குப் போய்த் திரும்பியது. அவள் கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவி."

"நான் எங்க போறது?"

"செத்தவங்க எங்க போவாங்கன்னு எனக்கு என்ன தெரியும். மாஸ்டரைக் கேளுங்க."

கோபம் வரவேண்டிய இடத்தில் வந்து பார்த்தது. மேசைமேல் கிடந்த சம்மட்டியைக் கண்டு திரும்பிப் போனது. சாவியைக் கழற்றி மேசை விளிம்பில் வைத்தான். கால்சட்டைப் பையிலிருந்து வட்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

அவள் ஹீட் கன்னின் விசையை அழுத்தினாள். அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு படியிறங்கிப் போகும் காலடி கேட்டது.

சம்மட்டியின் முகப்பில் ஒரே ஒரு பள்ளம். ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் ஆழம் குறைந்து, நெற்றியும் கன்னமும் சேருகிற வளைவில். பொத்தான் எதுவும் இல்லை. அனல் பட்டதும் அது மெல்ல உப்பி எழத் தொடங்கியது. முழுவதும் எழவில்லை. அவள் விளக்கைத் தாழ்த்தி, சாய்வெளிச்சத்தில் மீண்டும் பார்த்தாள். பிறகு பட்டி டப்பாவைத் திறந்து, விரலைத் தண்ணீரில் தொட்டாள்.